வெடிக்காத ஆபீஸ்

பானுப்பிரியா ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது டீச்சர் அப்பா படம் வரையச் சொன்னார். அவள் முகம், கழுத்து, காது எல்லாவற்றையும் பென்சிலால் சாம்பல் நிறத்தில் தீட்டிக் கொடுத்தாள். பக்கத்துப் பையனும் அப்படித்தான் தீட்டியிருந்தான். வெளியூரிலிருந்து வந்த டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாயில்பட்டியில் பட்டாசு செய்யும் வெடி ஆபீஸில் மருந்து கலக்கும் அப்பாக்கள் எல்லாருமே சாயங்காலம் அந்த நிறத்தில்தான் வீடு திரும்புவார்கள். அலுமினியப் பொடி. எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் புருவத்திலும் நகக்கண்ணிலும் மிச்சம் இருக்கும். பானுவின் அப்பா தங்கச்சாமி சிரித்தால் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

அவள் வேதியியல் படித்தது ஆசைப்பட்டு அல்ல. சாத்தூர்க் கல்லூரியில் வணிகவியல் கேட்டாள், இடம் முடிந்துவிட்டது. வேதியியலிலும் தமிழிலும்தான் இடம் இருந்தது. அம்மா செல்வலட்சுமி வரிசையில் நின்றபடியே முடிவு பண்ணினாள். "மருந்து சமாச்சாரம்னா அப்பாட்ட சந்தேகம் கேட்டுக்கிடலாம்லா. அதையே எடு." தங்கச்சாமியிடம் ஒரு சந்தேகமும் கேட்க வாய்க்கவில்லை. ஆனால் முதல் வருடம் முடிவதற்குள் அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. மதுரையில் எம்.எஸ்ஸி., அதற்குப் பிறகு காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் வேலை. அங்கேதான் ஆல்காக்சைடு என்னும் வகைப் பொருள்களோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது. உலோகத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்வது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும். மிகவும் கோபக்காரப் பொருள். பானுவுக்கு அது பிடித்திருந்தது. புராஜெக்ட் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சிவகாசியில் செல்லக்கனி அம்மாள் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்துக்குப் பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் உண்டு. பட்டாசைத் தம்பி கனகசபாபதி பார்த்துக்கொள்ள, அச்சகம் இருபது வருடமாகச் செல்லக்கனியின் கையில். அவருக்கு உறவுக்காரரான முத்துக்கிருஷ்ணன் பெங்களூரில் செராமிக் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் சொன்ன கதைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஸ்பைனல் என்று ஒரு செராமிக். பார்த்தால் கண்ணாடி, ஆனால் உலைச்சூட்டில் உருகாது, மணல் உரசினால் கீறல் விழாது. அதற்கான மூலப்பொருளை அவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். மெக்னீசியமும் அலுமினியமும்தான் அதில் இருக்கிறது என்றதும் செல்லக்கனி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அது ரெண்டும் நம்ம ஊர்ல மூட்டை மூட்டையா கிடக்கே தம்பி. நீ எதுக்குக் கப்பலுக்குக் காத்துக்கிடக்க?"

வேலை கேட்டுப் போன பானுவிடமும் அவர் இதையே சொன்னார். பானு கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"சரக்கு நம்ம ஊருதான்க்கா. ஆனா இம்புட்டு நாளும் நாம அதுகள எரிக்க மட்டும்தான் செஞ்சிருக்கோம். இது எரிக்காம கட்டிப்போடுற வேலை. பழகணும்."

"பழகுவோம்," என்றார் செல்லக்கனி. "எப்ப வார?"

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் சாலையில் பேப்பர் கட்டுகள் வைத்திருந்த ஒரு ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். கண்ணாடிக் குடுவைகள், வேக்குவம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர் எல்லாம் வந்து இறங்கின. கூடவே உக்கிரபாண்டியும் வந்து சேர்ந்தார். பெரிய வெடி ஆபீஸ் ஒன்றில் போர்மேனாக இருந்தவர், தாயில்பட்டிக்காரர், தங்கச்சாமியின் கூட்டாளி. பானுவுக்கு மாமா முறை.

தொடங்கிய வாரமே இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. கதவுதான் காரணம். வெடி ஆபீஸ் அறைகளில் எதிரெதிரே கதவுகள் இருக்கும், வேலை நடக்கும்போது அவை திறந்தே இருக்க வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் ஓட வழி வேண்டுமே. உக்கிரபாண்டி காலையில் வந்ததும் முதல் காரியமாக எல்லாக் கதவையும் விரியத் திறந்து, ஆடாமல் கல்லை முட்டுக்கொடுப்பார். பானு ஈரக்காற்றுக்குப் பயந்து ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவாள்.

"மாமா, காத்து பட்டா கெட்டுப்போகும்னு சொன்னேன்லா."

"கெட்டா மறுபடி செஞ்சுக்கிடலாம் தாயி. அடைச்ச ரூமுக்குள்ள நான் நிக்க மாட்டேன். அதுவும் மெக்னீசியத்தோட."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மெக்னீசியம் ஆல்கஹாலில் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அடைத்த அறையில் அது தேங்குவது ஆபத்து. பானு ஒரு மத்தியானம் முழுவதும் அந்தக் கதவுகளையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அறையைச் சாத்தி என்ன பயன்? பாத்திரத்தைச் சாத்தினால் போதும். குடுவைக்குள் நைட்ரஜனை நிரப்பி, வாயு வெளியேற ஒரு குழாயைச் சுவர் வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய், வெளிக்காற்று திரும்ப உள்ளே வராமல் இடையில் எண்ணெய் நிரப்பிய குமிழிக் குப்பி ஒன்றை வைத்தாள். கதவுகள் திறந்தே கிடந்தன. உக்கிரபாண்டி அந்தக் குழாயைக் கீழிருந்து மேல்வரை தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். அன்றிலிருந்து அவர்களுக்குள் சண்டை இல்லை.

முதலில் பானு சுலபமான வழியில் போனாள். மெக்னீசியத்துக்குத் தனி ஆல்காக்சைடு, அலுமினியத்துக்குத் தனி ஆல்காக்சைடு. இரண்டையும் கலந்து, தண்ணீர் சேர்த்துக் கூழாக்கி, உலர்த்தி, சூளையில் சுட்டுப் பொடியாக்கிப் பெங்களூருக்கு அனுப்பினாள். அங்கே அதை அழுத்தி வில்லையாக்கிச் சுட்டார்கள். முத்துக்கிருஷ்ணன் அந்த வில்லையைக் கூரியரில் திருப்பி அனுப்பினார். முகத்தில் தேமல் விழுந்த மாதிரி அங்கங்கே வெள்ளைத் திட்டு. ஊடே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"என்னத்தா இது?" என்று செல்லக்கனி கேட்டார். "ரெண்டையும் கலந்துதானே அனுப்புன?"

"கலந்தேன்க்கா. ஆனா தண்ணியக் கண்டதும் ஒண்ணு முந்திக்கிட்டுக் கட்டியாயிருது. இன்னொண்ணு பின்னால வருது. கலந்த மாதிரி தெரியுது, உள்ள தனித்தனியா நிக்குதுக."

"அப்ப என்ன செய்ய?"

பானு மேசையில் இருந்த பேனாவை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். "திருவிழாக் கூட்டத்துல ரெண்டு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறீகன்னு வைங்க. சும்மா பின்னாலயே வாங்கடான்னு விட்டா ஆளுக்கொரு பக்கம் போயிரும். ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, கூட்டம் எங்க தள்ளுனாலும் மூணு பேரும் ஒண்ணாத்தானே போவீக? அந்த மாதிரி. நடுவுல மெக்னீசியம், ரெண்டு பக்கமும் அலுமினியம். தண்ணியில போடறதுக்கு முன்னாலயே கையப் பிடிக்க வச்சிரணும். ஒரே மூலக்கூறா."

"கையப் பிடிக்குமா?"

"பிடிக்கும்க்கா. காரைக்குடியில செஞ்சு பாத்திருக்கேன். சின்னக் குடுவையில."

செல்லக்கனிக்கு அது போதும். ஆனால் கனகசபாபதிக்குப் போதவில்லை. தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் அடுக்க அவருக்கு இடம் வேண்டும். ஒரு நாள் வந்து ஷெட்டை மேலும் கீழும் பார்த்தார். கோபமான மனிதர் இல்லை, கணக்கான மனிதர். "அக்கா ஆசைப்படுது, நான் தடுக்கல. ஆனா ஆடி முடியட்டும். ஒண்ணும் வரலைன்னா ஆவணியில லோடு இறக்கிருவேன் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வழி பானுவைப் படாத பாடு படுத்தியது. அலுமினிய ஆல்காக்சைடை ஆல்கஹாலில் கரைத்து, அதில் மெக்னீசியச் சீவலைப் போட்டு, ஒரு சிட்டிகை அயோடின் சேர்த்து, மின் அடுப்பில் கொதிக்கவிட வேண்டும். அயோடினின் பழுப்பு நிறம் மெல்ல மறையும். சீவலைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு குடுவையில் கண்மாய்த் தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். காரைக்குடியில் மத்தியானத்துக்குள் தெளிந்துவிடும். இங்கே சாயங்காலம் வரைக்கும் அதே கலங்கல். ஐந்து மணிக்கு மேல் அடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது என்பது உக்கிரபாண்டி வெடி ஆபீஸிலிருந்து கொண்டுவந்த சட்டம்; அவர்களை ஊருக்குக் கூட்டிப்போகும் வேனும் ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடும். அணைத்துவிட்டு, மறுநாள் வேக்குவத்தில் காய்ச்சி வடித்துப் பார்த்தால் அலுமினியப் பங்கு மட்டும் வந்து விழும். மெக்னீசியம் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிடக்கும். கை கோக்கவே இல்லை.

அவள் ஈரத்தைச் சந்தேகப்பட்டாள். ஆல்கஹாலை மறுபடி மறுபடி உலர்த்தினாள். ரப்பர்க் குழாய்களை மாற்றினாள். சிலிண்டரைச் சந்தேகப்பட்டாள். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துக் காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வேறு வந்தார்கள்.

"பொண்ணுக்கு வெடி ஆபீஸ்லயா வேலை?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

செல்வலட்சுமி பதறிப்போய், "இல்லல்ல, இது வெடிக்காத ஆபீஸ்" என்றாள்.

"வெடிக்காததுக்கு எதுக்கு ஆபீஸ்?"

பானு விளக்க ஆரம்பித்தாள். மெக்னீசியம் என்றதும் வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போனது. தங்கச்சாமி வாசல் வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குப் பானுவும் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திருவிழா. நாலு மாவட்டத்து சனமும் நடந்தும் வண்டியிலும் வந்து கொட்டியது. பானு காலையில் குடுவையை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்று அக்கினிச்சட்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசியது. உதடு வெடித்து எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உதடே வெடிக்கிற காற்றில் ஈரம் எங்கிருந்து வரும்? அப்படியானால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

நாலு மணிக்கு வேன் டிரைவர் போன் பண்ணினார். சாத்தூரிலேயே வண்டியை மறித்துவிட்டார்களாம். கூட்டம் குறைந்து ரோட்டைத் திறக்க எட்டு மணியாவது ஆகுமாம்.

"அப்ப அடுப்ப அமத்திட்டு உக்காந்திருப்போம்," என்றார் உக்கிரபாண்டி.

"சும்மாதானே மாமா உக்காந்திருக்கப் போறோம். நாம பக்கத்துலதானே இருக்கோம். ஓடட்டுமே."

அவர் கூரைக் குழாயைப் போய்ப் பார்த்தார். எண்ணெயில் குமிழி ஒவ்வொன்றாக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தீயணைப்பு மணல் வாளியைக் கைக்கெட்டும் இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ரோட்டில் அன்னதானம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்குவாளியோடு வந்து இரண்டு பேருக்கும் புளியோதரை வைத்துவிட்டுப் போனார்கள். மேளச்சத்தம் நெருங்கி வருவதும் விலகிப் போவதுமாக இருந்தது. உக்கிரபாண்டி போர்மேனாக இருந்த காலத்தில், பரிசோதனைக்கு விட்ட ராக்கெட் ஒன்று முதலாளியின் காயப்போட்ட வேட்டிக்குள் நுழைந்த கதையைச் சொன்னார். பானு சிரித்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குடுவை வழியாகப் பின்சுவரில் மாட்டியிருந்த அச்சகக் காலண்டர் தெரிந்தது. தேதி தெரிந்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். கலங்கல் இல்லை. அடியில் சீவல் இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

உக்கிரபாண்டி பதறிப்போனார். "மெக்னீசியம் எங்க தாயி? எங்கிட்டுப் போச்சு?"

"உள்ளதான் மாமா இருக்கு."

"தெரியலையே."

"கையப் பிடிச்சிருச்சு. தனியா இருந்தாத்தான் கரையாம கலங்கும். அலுமினியத்தோட சேந்துட்டா கரைஞ்சிரும்." அவள் டப்பாவிலிருந்து ஒரு சீவலை எடுத்துக் காட்டினாள். "எனக்கு நேரம்தான் பத்தலை. காரைக்குடியில தூளா இருந்துச்சு, சீக்கிரம் கரைஞ்சிருச்சு. இது தடிச்ச சீவல். மெதுவாத்தான் கரையும். நான் ஒவ்வொரு நாளும் பாதியில அணைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உக்கிரபாண்டி என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சப் புளியோதரையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் வேக்குவத்தில் வடித்தபோது தெர்மாமீட்டர் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது; வடிவது ஒரே பொருள் என்பதற்கு அதுதான் அடையாளம். நிறமே இல்லாத பாகு ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. அடியில் எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம். மதுரைக்கு அனுப்பிச் சோதித்ததில் ஒரு பங்கு மெக்னீசியத்துக்கு இரண்டு பங்கு அலுமினியம் என்று வந்தது. அவள் எதிர்பார்த்தது அதுதான். பானு அப்பாவுக்கு போன் போட்டாள்.

"வந்திருச்சுப்பா."

"எரியலையே?"

"எரியலப்பா."

"அப்ப சரி," என்றார் தங்கச்சாமி. "மெக்னீசியமும் அலுமினியமும் சேந்து எரியாம இருக்குன்னு சொன்னா இங்கன ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று சேர்த்துக்கொண்டார். அவர் குரலில் இருந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

கனகசபாபதி சொன்ன வாக்கில் நின்றார். வேறு இடம் தேடி கிஃப்ட் பாக்ஸை இறக்கிக்கொண்டார். கொஞ்சம் அக்காவின் அச்சகத்து வராந்தாவிலும் அடுக்கினார். செல்லக்கனி ஒரு வாரம் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஐப்பசி மழை இறங்கியதும் உண்மையான ஈரம் வந்தது. பாட்டில்களில் நிரப்பும்போது ஒன்றில் மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு நாளில் உள்ளே இருந்த பாகு உறைந்து, பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாமல் தொங்கியது. செல்லக்கனி அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஜிகர்தண்டாவுல போடுற கடல்பாசி மாதிரில்லா இருக்கு. இத வித்தா என்ன?"

"மூடி சரியில்லக்கா. வேற மூடி வாங்கணும்."

"வாங்கு. அத எங்கிட்டயே குடு, மேசையில வைக்கேன். பாக்க அழகாத்தான் இருக்கு."

மற்ற பாட்டில்கள் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் அடைக்கப்பட்டுப் பெங்களூருக்குப் போயின; பொடியாக்கிச் சுடுவதை இந்த முறை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை பிறந்த பிறகு முத்துக்கிருஷ்ணன் நேரிலேயே வந்தார். அவர் வந்த நேரம் செல்லக்கனி அச்சகத்தில் அடுத்த வருடக் காலண்டருக்குச் சரிபார்க்க அடித்த நாலு கலர் புரூஃபை மேசையில் விரித்துவைத்துக்கொண்டிருந்தார். பானுவும் அங்கேதான் இருந்தாள். முத்துக்கிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பஞ்சு சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பழைய ஒரு ரூபாய் அளவில் ஒரு வில்லை. உள்ளங்கையில் வைத்தால் கைரேகை அப்படியே தெரிந்தது.

பானுவுக்கு அதைத் தொடக்கூடத் தயக்கமாக இருந்தது.

செல்லக்கனி வில்லையை வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். பிறகு, அச்சை லென்ஸ் வைத்துச் சரிபார்க்கும் இருபது வருடப் பழக்கத்தில், அதைப் புரூஃபின் மேல் வைத்துக் குனிந்தார். முருகன் படத்தின் வேலுக்கு நேரே அது இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பானுவும் முத்துக்கிருஷ்ணனும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மஞ்சள் தள்ளி விழுந்திருக்கு," என்றார் செல்லக்கனி.

"எங்கக்கா?" என்று பானு பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒன்னோடதுல இல்லத்தா. மெஷின்ல." அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஏலே காளிராஜ், நாலாம் நம்பர் மெஷின நிப்பாட்டு. வேலுக்குப் பக்கத்துல மஞ்சள் மயிரிழை தள்ளி அடிக்குது. எப்பிடித் தெரியும்னா கேக்க? நல்லாத் தெரியுது. வந்து பாரு."

காளிராஜ் கீழேயிருந்து ஓடிவந்து, வில்லை வழியாகக் குனிந்து பார்த்து, மஞ்சளைத் திருத்தப் போனார். முத்துக்கிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருடம் முழுவதற்குமான ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இப்போது அந்த ஷெட்டில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் நான்கு பேர் முன்பு வெடி ஆபீஸில் திரி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள். கதவுகள் திறந்தே கிடக்கின்றன. மெல்லிய சீவல் வாங்குவதால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் குடுவை தெளிந்துவிடுகிறது. பானு அடுத்ததாக வேறு இரண்டு உலோகங்களைக் கை கோக்க வைக்கப் பார்க்கிறாள். அது இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, அவளும் அவசரப்படவில்லை. கல்யாணப் பேச்சு வீட்டில் மறுபடி தொடங்கியிருக்கிறது. செல்வலட்சுமி இந்த முறை மெக்னீசியம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

சாத்தூர் மினிபஸ்காரர்கள் அந்த நிறுத்தத்துக்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். "கண்ணாடி ஆபீஸ் எறங்கு" என்று கண்டக்டர் முதன்முதலாகக் கூவியபோது பானு படியில் நின்றபடியே, "கண்ணாடி இல்லண்ணே, செராமிக்" என்று திருத்தினாள். அவர், "சரி தாயி, அதுதான், எறங்கு" என்று விசிலை ஊதிவிட்டார்.